ஸ்டீல் என்றால் வாள்

கார்டை முதலில் கொண்டுவந்து காட்டியவர் தபால்காரர் வேல்சாமி. அவருக்கு இங்கிலீஷில் ஆள் பேரும் ஊர் பேரும் படிக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது.

"ஏட்டையா, இங்கிலீஷ் கடுதாசின்னா 'மை டியர்'னுதான ஆரம்பிப்பாங்க? இதுல அதக் காணோம். செத்த பாருங்க."

ஏட்டு உக்கிரபாண்டி கார்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ராஜபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் உதவி வாத்தியாராக இருக்கும் அபுதாஹிருக்கு சீவில்லிபுத்தூரிலிருந்து வந்த காலணாக் கார்டு. முத்து முத்தான எழுத்து. தலைப்பில் 'மெட்டானமி' என்று ஒரு சொல். அதன் கீழே மூன்று வரி. கிரவுன் என்றால் ராஜா. ஹேண்ட்ஸ் என்றால் ஆட்கள். ஸ்டீல் என்றால் வாள். கடைசியில், 'இவற்றை வெள்ளிக்கிழமைக்குள் மனப்பாடம் செய்யவும். இன்னும் வரும். என்.'

உக்கிரபாண்டி கார்டைத் திருப்பி முன்னும் பின்னும் பார்த்தார்.

முந்தின வருஷம்தான் சுற்றுவட்டாரத்து ஊர்களில் கலவரம் நடந்து ஓய்ந்திருந்தது. நாலு பேர் ஓரிடத்தில் கூடி நின்றால்கூட எழுதி அனுப்பு என்பது மேலிடத்து உத்தரவு. அவரோ நாலாவது பாரம் வரைக்கும் படித்தவர். மேல் பதவிக்கு மூன்று தடவை அவர் பெயர் போய், 'இங்கிலீஷ் போதாது' என்று மூன்று தடவையும் திரும்பி வந்திருந்தது. போதாத அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டே அந்த மூன்று வரியையும் பத்துத் தடவை படித்தார். ஆள்வதோ மகாராணி. இவன் ராஜா என்று யாரைச் சொல்கிறான்? ஆட்களையும் வாளையும் ஏன் வேறு பேர் வைத்து எழுதுகிறான்? மெட்டானமி என்பது யார்? கேட்டால் ருஷ்ய நாட்டு ஆசாமியின் பேர் மாதிரி இருக்கிறது.

"கார்டைக் கொண்டுபோய்க் குடுத்துரும்," என்றார் வேல்சாமியிடம். "ஆனா இனிமே எது வந்தாலும் மொதல்ல இங்க வரணும். வெளிய மூச்சு விடப்படாது."

அதற்குப் பிறகு செவ்வாயும் சனியும் தவறாமல் கார்டு வந்தது. உக்கிரபாண்டி ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுத்துக்கு எழுத்து பெயர்த்து எழுதிக்கொண்டார். அடுத்த கார்டின் தலைப்பு 'ஐரனி'. ஐரன் என்றால் இரும்பு என்பது அவருக்குத் தெரியும். முதலில் எஃகு, இப்போது இரும்பு. அதன் கீழே எழுதியிருந்ததுதான் இன்னும் மோசம். 'வாய் சொல்வது ஒன்று, கருத்து அதற்கு நேர் எதிர். சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.' பிறகு 'சைனெக்டோச்' என்று ஒருவன். பிறகு 'ஹைப்பர்போல்' என்று இன்னொருவன். இவன் சங்கதியில் ஆயிரம் அம்புகள் வந்தன. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பேர்களை வரிசையாக எழுதி, எதிரே 'இருப்பிடம் தெரியவில்லை' என்று குறித்து வைத்தார்.

வீட்டிலும் அதே நினைப்புத்தான். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொல்லிச் சொல்லிப் பார்ப்பார். அவர் மனைவி வெள்ளத்தாய் குழம்புக் கரண்டியோடு நின்று அவரையே பார்ப்பாள்.

"என்னத்த மொணங்குதிய? மந்திரம் கிந்திரம் படிக்கியளா? யாருக்கு வைக்கப் போறிய?"

"சர்க்கார் சோலி. ஒனக்கு வெளங்காது."

வெள்ளத்தாய் அதை நம்பவில்லை. மறுநாள் நிலைப்படியில் எலுமிச்சம்பழம் அறுத்து வைத்திருந்தாள்.

ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த அபுதாஹிரை வழியில் நிறுத்தினார். முப்பது வயதிருக்கும். ஒடிசலான ஆள். வெயில் இல்லாவிட்டாலும் கையில் குடை இருக்கும்.

"என்ன வாத்தியாரே, வாரத்துக்கு ரெண்டு கார்டு வருதாமே. சீவில்லிபுத்தூர்ல யாரு?"

குடை கைநழுவிக் கீழே விழுந்தது. அபுதாஹிர் குனிந்து எடுத்து மண்ணைத் தட்டினார், தேவைக்கு அதிக நேரம் தட்டினார்.

"சிநேகிதர் ஒருத்தர், ஏட்டையா."

"பேரு?"

"பேரு... நம்ம ஆளுதான். சும்மா சௌக்கியம் விசாரிச்சு எழுதுவாரு."

சௌக்கியம் என்ற சொல்லுக்கு ஒரு கார்டிலும் இடம் இல்லை என்பது உக்கிரபாண்டிக்குத் தெரியும். "சரி, போங்க," என்று சிரித்தார். அந்தப் பொய் அவருக்குப் பொன்னாகப் பட்டது. குற்றம் இல்லாதவன் எதற்குப் பொய் சொல்வான்?

அடுத்த திங்கட்கிழமை முழங்காலுக்கு மேலே இழுத்துச் சொருகிய வேட்டியும் தோளில் துண்டுமாக, உழவு பார்க்கிற சம்சாரி போல வேஷம் போட்டு, பருத்தி வண்டி ஒன்றில் ஏறி சீவில்லிபுத்தூருக்குப் போனார். அவருடைய எல்லைக்கு அப்பாற்பட்ட ஊர். யாராவது அடையாளம் கண்டால் பதில் சொல்ல முடியாது. தபால்பெட்டிக்கு எதிரில் வேப்பமரத்தடியில் காலையிலிருந்து உட்கார்ந்து, வருகிற போகிற கைகளைப் பார்த்தார். உச்சிவேளைக்கு ஒரு கிழவி வந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். மடியிலிருந்து ஒரு கார்டை உருவிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, எதுவும் நடக்காதது போல முந்தானையை உதறிக்கொண்டு நடந்தாள்.

பின்னாலேயே போனார். கிழவி பள்ளிவாசல் தெருவில் பெரிய மரக்கதவு போட்ட ஒரு வீட்டின் பின்வாசலில் நுழைந்தாள். எதிரில் இருந்த வெற்றிலைக் கடையில் கேட்டார்.

"அந்தக் கெழவியா? கருத்தம்மா, வீட்டு வேலைக்காரி. வீடு நைனா முகமது ராவுத்தருது. கருப்பட்டி வியாபாரம். வண்டி வண்டியா மலையாளத்துக்குப் போகுது."

நைனா முகமது. என். கருப்பட்டிச் சிப்பத்துக்குள் எதை வைத்துக் கட்டினாலும் யாருக்குத் தெரியப் போகிறது?

ஊர் திரும்பி, நாலு நாள் உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு ரிப்போர்ட் எழுதினார். அவர் வாழ்க்கையில் அத்தனை நீளமாக எழுதியதில்லை. கார்டுகளின் நகலை இணைத்து, சுற்றுப்பயண முகாமில் இருந்த போலீஸ் துரைக்கு அனுப்பினார். ஒரு வாரம் ஆகியும் பதில் இல்லை. அதற்குள் இரண்டு கார்டு வந்துவிட்டது.

ஒன்றில், 'ரிமூவ்டு என்றால் கொல்லப்பட்டான். தூங்கிப்போனான் என்றால் செத்தான். கடுமையான காரியத்துக்கு மென்மையான சொல்' என்று இருந்தது. அடுத்ததன் தலைப்பு 'கிளைமேக்ஸ்'. 'படிப்படியாக மேலே ஏறவும். எல்லாவற்றிலும் பலமானதைக் கடைசிக்கு வைக்கவும். வெள்ளிக்கிழமை.'

துரை அடுத்த வாரம் சீவில்லிபுத்தூரில் முகாம் போடப் போகிறார் என்று உக்கிரபாண்டிக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உத்தரவுக்குக் காத்திருந்து, துரைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வெள்ளிக்கிழமை முழு உடுப்பும் தலைப்பாகையுமாகத் தனியாகவே கிளம்பினார்.

ஜும்மா தொழுகை முடிந்து நைனா முகமது அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். கூடவே அபுதாஹிர். இரண்டு பேரும் சாப்பிட உட்காரப் போகிற நேரம். போலீஸ் உடுப்பைக் கண்டதும் நைனா முகமது பதறி எழுந்தார். ஐம்பது வயது, கனத்த உடம்பு.

"வாங்க ஏட்டையா, என்ன சங்கதி? வண்டி எதும் வழியில மறிச்சிட்டாங்களா?"

உக்கிரபாண்டி நோட்டைத் திறந்து முன்னால் நீட்டினார். "இந்தக் கார்டெல்லாம் நீங்கதான எழுதுனது, ராவுத்தரே?"

நைனா முகமது நோட்டை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, திருப்பிப் பிடித்தார். "எனக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்துக்கூடத் தெரியாதே!"

"அப்ப இந்த 'என்' யாரு? வாத்தியாரே, நீரு சொல்லும். சௌக்கியம் விசாரிக்கிற சிநேகிதர் எங்க?"

அபுதாஹிரின் முகத்தில் ரத்தமே இல்லை. அப்போது உள்கட்டு வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"அது நான்தான் எழுதுனது."

"நூரு?" என்றார் நைனா முகமது. அவருடைய தம்பியின் விதவை நூர்பானு. அபுதாஹிரின் உடன்பிறந்த தங்கை.

"அண்ணன் மெட்ரிகுலேஷன்ல ரெண்டு வாட்டி இங்கிலீஷ்ல போயிட்டாங்க. இந்த வருசமும் போனா உத்தியோகம் நிலைக்காது. அணி இலக்கணந்தான் அவங்களுக்குப் பிடிபடல. அதான் நான் படிச்சு, கொஞ்சங் கொஞ்சமா எழுதி அனுப்புனேன். வெள்ளிக்கிழம வரும்போது ஒப்பிப்பாங்க."

உக்கிரபாண்டி நம்பிவிடவில்லை. எத்தனையோ பேர் தன் முன்னால் ஒழுங்காகக் கதை கட்டியதைக் கேட்டவர் அவர்.

"கிரவுன்னா ராஜான்னு எழுதுனதுக்கு என்ன அர்த்தம்?"

"அது ஆகுபெயர், ஏட்டையா. ஊரே சிரிச்சுதுங்கோம். ஊரா சிரிக்கும்? ஊர்ல இருக்க சனந்தான். அத இங்கிலீஷ்ல மெட்டானமிங்காங்க."

"இரும்பு?"

"எந்த இரும்பு?"

"ஐரனி."

திரைக்குப் பின்னால் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்குகிற ஓசை வந்தது.

"அதுக்கும் இரும்புக்கும் ஒட்டு உறவில்ல. காரியம் கெட்டுப்போனா 'ரொம்ப நல்லாருக்கு'ன்னு சொல்லுதோம்ல? அதுதான்."

"யாராச்சும் சொல்லிக்குடுத்ததச் சொல்லலாம்ல?" உக்கிரபாண்டி பையிலிருந்து தாளும் பென்சிலும் எடுத்தார். "நான் சொல்லுதத எழுதிக் காட்டணும்."

கருத்தம்மா தாளைத் திரைக்குள் கொண்டுபோனாள். உக்கிரபாண்டி இங்கிலீஷில் சொன்ன இரண்டு வரியும் எழுதப்பட்டு வெளியே வந்தன. அதே முத்து முத்தான எழுத்து. அவர் தன்னுடைய ரிப்போர்ட்டில் தப்பாக எழுதிய ஒரு சொல் அதில் சரியாக இருந்தது. அதைப் பார்த்ததும் தலைப்பாகைக்குள் வேர்த்துக் கொட்டியது. ஆறு வாரம், பன்னிரண்டு கார்டு, துரைக்கு அனுப்பின பதினொரு பக்கம், எல்லாம் கண்முன்னால் வந்து நின்றது.

கார்டு விவகாரம் அவரளவில் அத்துடன் முடிந்துவிட்டது. ஆனால் நைனா முகமது உட்காரவில்லை.

"எம்புட்டு நாளா நடக்குது இது?" என்றார் திரையைப் பார்த்து. "எவன்கிட்டப் படிச்ச?"

"அவிய இருக்கும்போதே ஆரம்பிச்சது, மச்சான். கோர்ட்ல நகல் எழுதப் போனவிய, எனக்கும் எழுத்துச் சொல்லிக்குடுத்தாங்க. அவிய மௌத்தான பொறவு அவிய புத்தகத்த வச்சு நானே படிச்சேன்."

"நானேன்னா? இங்கிலீஷ் என்ன வானத்துல இருந்தா விழுந்துது? அண்ணனுக்கு மட்டும்தான் கார்டு போச்சா, வேற எவனுக்காச்சும் போச்சா?"

"மச்சான்!" என்றார் அபுதாஹிர். "எனக்கு மட்டும்தான்..."

"நீ பேசாத. உங்க ரெண்டு பேருக்குள்ளயே ஒளிச்சு வச்சிருக்கிய. இந்தக் கெழவியும் கூட்டு. இன்னும் என்னென்ன ஒளிச்சு வச்சிருக்கியளோ, யாரு கண்டா?"

உக்கிரபாண்டி அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு வாரமாகத் தன் மனசுக்குள் ஓடிய குரல் அது. அதே கேள்விகள். பதில் எதுவாக இருந்தாலும் அடுத்த சந்தேகத்துக்குப் போய்விடும் அதே ஓட்டம். இதை இந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தது தான்தான் என்று அவருக்கு உறைத்தது.

"கருத்தம்மா!" நைனா முகமது கத்தினார். "அந்தப் புத்தகப் பொட்டிய எடுத்துட்டு வா. இன்னைக்கே அடுப்புல வைக்கேன்."

திரை ஓரமாக வளையல் இல்லாத கை ஒன்று சுவரைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது.

"அதத் தொடப்படாது," என்றார் உக்கிரபாண்டி.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்கே அடுத்த வார்த்தை என்னவென்று தெரியவில்லை. ஆனால் உடுப்பு போட்டிருந்ததால் குரல் தானாக வந்தது.

"அது சர்க்கார் விசாரணையில இருக்க சாமான். ஒரு தாளு கொறைஞ்சாலும் நீங்கதான் ஜவாப்தாரி, ராவுத்தரே."

"விசாரணைதான் முடிஞ்சுபோச்சே ஏட்டையா? அவ எழுதுனதுதான்னு..."

"முடிஞ்சுதுன்னு யாரு சொன்னா? ரிப்போர்ட்டு துரைகிட்டப் போயிருக்கு. உத்தரவு வர வரைக்கும் பொட்டி இருந்த எடத்துலயே இருக்கணும். யாரு எடுத்துப் படிச்சாங்களோ அவங்கதான் படிக்கணும். கார்டும் வழக்கம்போலப் போகணும். திடீர்னு நின்னா, ஏன் நின்னுதுன்னு மேல கேப்பாங்க."

"எம்புட்டு நாளைக்கு?"

"அது எனக்குத் தெரியாது. வருசக்கணக்காக்கூட ஆகும்."

நைனா முகமது பொத்தென்று உட்கார்ந்தார். போலீஸ் சொன்னதை மீறுகிற தைரியம் கருப்பட்டி வியாபாரிக்கு ஏது? "பொட்டி அங்கேயே இருக்கட்டும்," என்று கிழவியிடம் முனகினார்.

உக்கிரபாண்டி வாசலைத் தாண்டப் போகும்போது திரைக்குப் பின்னாலிருந்து நூர்பானு கூப்பிட்டாள்.

"ஏட்டையா, ஒண்ணு கேக்கலாமா? இந்தச் சொல்லெல்லாம் நான் கண்ணால படிச்சதுதான். ஒருத்தர் வாயால சொல்லி ஒரு தடவகூடக் கேட்டதில்ல. நீங்க துரைமார்கிட்டப் பேசுறவிய. எஸ், ஒய், என்னுன்னு வருதே, அத சைனெக்டோச்னுதான சொல்லணும்?"

அவரும் அப்படித்தான் சொல்லி வந்தார், அதை ஒரு ருஷ்யனின் பேர் என்று நினைத்து. "தெரியல தாயி," என்றார். போலீசில் சேர்ந்த பிறகு அப்படி அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வாரம் முகாமுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. மேஜைமேல் அவருடைய ரிப்போர்ட் கிடந்தது, சிவப்புப் பென்சில் படாத வரியே இல்லை. துரை சின்ன வயசு. பேச ஆரம்பிக்கும் முன்பே சிரிப்பு வந்துவிட்டது. இங்கிலீஷ் தெரிந்த குமாஸ்தாக்களும் சேர்ந்து சிரித்தார்கள். தெரியாதவர்கள் துரை சிரிக்கிறாரே என்று சிரித்தார்கள். உக்கிரபாண்டி விறைத்து நின்றார். காது இரண்டும் எரிந்தன.

"ஏட்டு," என்றார் துரை, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தமிழில். "நீ ஒரு ஸ்கூல் புக் வாங்கு. அது நல்லது. இந்த என் யார்?"

"பரீட்சைக்குப் படிக்கிற ஒரு ஆளுங்க துரை. தப்பு எம்பேர்லதான்."

"பேர்?"

"அவசியமில்லீங்க துரை."

துரை ஒருகணம் உற்றுப் பார்த்தார். பிறகு ரிப்போர்ட்டை மடித்து ஓரமாகப் போட்டார். இனிமேல் தன் பெயர் மேல் பதவிக்குப் போகப் போவதில்லை என்பது அந்தக் கை மடித்த விதத்திலேயே உக்கிரபாண்டிக்குத் தெரிந்துபோனது. சலாம் வைத்துத் திரும்பியவர், நாலு எட்டு நடந்து, மறுபடி வந்து நின்றார்.

"துரை கோவிக்கப்படாது. இந்தப் பேர்களை எப்பிடி வாயால சொல்லணும்?"

சிரிக்க எழுந்த குமாஸ்தாவைத் துரை கையைக் காட்டி நிறுத்தினார். ஏட்டின் நோட்டை வாங்கி, ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்து நிதானமாகச் சொன்னார். சினெக்டகி. ஹைப்பர்பலி. உக்கிரபாண்டி திருப்பிச் சொன்னார். தப்பினபோது துரை மறுபடி சொன்னார். எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில், எங்கே அழுத்த வேண்டும் என்று கோடு போட்டு, குறித்துக்கொண்டார்.

அதைக் கொண்டுசேர்ப்பதுதான் சிக்கலாக இருந்தது. விதவைப் பெண் பேருக்குக் கார்டு போட்டால் ராவுத்தர் என்ன நினைப்பார்? யோசித்து, நைனா முகமது பேருக்கே தமிழில் எழுதினார். 'விசாரணை சம்பந்தமாக. கீழ்க்கண்டதைச் சம்பந்தப்பட்டவருக்கு உரக்க வாசித்துக் காட்டவும்.'

நடந்ததை அபுதாஹிர்தான் பிறகு வந்து சொன்னார். நைனா முகமது கார்டை மூன்று தடவை தனக்குள்ளேயே படித்தாராம். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு முன்னால் நின்று, சம்மன் வாசிப்பது போல, "சி-னெக்-டகி" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி வாசித்தாராம். உள்ளேயிருந்து நூர்பானு அதேபோலச் சொன்னாளாம். "ஹைப்பர்-பலி." அதையும் சொன்னாளாம். கடைசிச் சொல்வரை அப்படியே போயிற்றாம். ஒரு சொல்லை அவள் தப்பாகச் சொன்னபோது, "அப்பிடி இல்ல, கோடு முன்னால போட்டிருக்கு, முன்னால அழுத்து," என்று நைனா முகமதே திருத்தினாராம். முடிந்ததும் கார்டைப் பத்திரமாகப் பெட்டிமேல் வைத்துவிட்டு, "இதுக்கு ஒப்பம் எதும் போடணுமா?" என்று கேட்டாராம்.

"நீரு என்ன சொன்னீரு?" என்றார் உக்கிரபாண்டி.

"எனக்குச் சிரிப்ப அடக்கவே நேரம் சரியாப்போச்சு, ஏட்டையா. தங்கச்சிதான், பதில் எழுதணும்னு சொல்லிட்டா."

செவ்வாய்க்கிழமை வேல்சாமி இரண்டு கார்டு கொண்டுவந்தார். ஒன்று வாத்தியாருக்கு. மற்றதில் உக்கிரபாண்டியின் பேரே இருந்தது. அதில் சௌக்கியமும் இல்லை, மை டியரும் இல்லை. வாயால் எப்படிச் சொல்வது என்று தெரியாத பதினொரு சொற்கள் மட்டும், வரிசையாக, முத்து முத்தான எழுத்தில். கீழே 'என்.'

"எதும் வெவகாரமா ஏட்டையா?" என்று வேல்சாமி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இல்ல," என்று சொல்லிவிட்டு, துரையின் அடுத்த முகாம் எந்தத் தேதி என்று பார்க்க உக்கிரபாண்டி உள்ளே போனார்.